விண்ணிலிருந்து அணுவெடிப்பைக் கண்டறிதல்: சேலத்தில் எழும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும்

சேலத்திலும் ஏற்காட்டிலும் மாணவர்கள், ஆசிரியர்கள், விண்ணோக்கு ஆர்வலர்கள் ஆகியோரிடம் இராணுவச் செயற்கைக்கோள்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள் எழுகின்றன. அவற்றுள் அடிக்கடி கேட்கப்படுபவற்றைத் தொகுத்து, இயன்றவரை விரிவாக விடை எழுதியிருக்கிறேன். இத்துறையின் பெரும்பகுதி அமெரிக்க இராணுவ ஆய்வாக வளர்ந்தது என்பதால் எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன. வெடிப்பைப் பார்த்துவிடுவது இதில் எளிய பகுதி. வெடிப்பல்லாத ஒன்றை வெடிப்பென்று அறிவித்துவிடாமல் இருப்பதுதான் ஆய்வாளர்களை அறுபது ஆண்டுகளாக உழைக்க வைத்திருக்கிறது.

அணுகுண்டு வெடித்ததைச் செயற்கைக்கோள் எதைக் கொண்டு அறிகிறது?

வெடிப்பு எங்கே நடந்தது என்பதைப் பொறுத்து விடை மாறும். காற்று இல்லாத விண்வெளியில் வெடித்தால் ஆற்றலின் பெரும்பங்கு எக்ஸ் கதிர்களாக வெளியேறும். உடன் காமா கதிர்களும் நியூட்ரான்களும் வரும். வளிமண்டலத்திற்குள் வெடித்தால் எக்ஸ் கதிர்களைச் சுற்றியுள்ள காற்றே உறிஞ்சிக்கொண்டு சூடேறித் தீக்கோளமாகிறது. அப்போது செயற்கைக்கோளுக்குக் கிடைப்பவை அந்தத் தீக்கோளத்தின் ஒளியும், வெடிப்பின்போது பிறக்கும் வானொலி அலைவரிசை மின்காந்தத் துடிப்பும் ஆகும். நிலத்தடியில் ஆழமாக வெடித்தால் இவற்றில் எதுவும் மேலே வருவதில்லை. அங்கே நிலத்தில் எழும் அதிர்வுகள்தான் செய்தி சொல்ல வேண்டும்.

ஆகவே ஒரே உணரியை வைத்துக்கொண்டு எல்லா வகை வெடிப்பையும் பிடிக்க முடியாது. எக்ஸ் கதிர் உணரி, ஒளி உணரி, மின்காந்தத் துடிப்பு உணரி ஆகியவற்றை ஒரே செயற்கைக்கோளில் சேர்த்து வைப்பது இதனால்தான்.

அணுவெடிப்பின் ஒளி இரண்டு முறை மின்னும் என்கிறார்களே, அது ஏன்?

இத்துறையின் அடித்தளமே இந்த இரட்டை ஒளிர்வுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

குண்டு வெடித்த கணத்தில் உண்டாகும் தீக்கோளம் மிகக் கடுமையான வெப்பத்தோடு ஒளிர்கிறது. இது முதல் ஒளிர்வு. ஒரு மில்லி வினாடிக்கும் குறைவான நேரத்திலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்குள் அதிர்ச்சி அலை தீக்கோளத்தை முந்திக்கொண்டு வெளியே பாய்கிறது. அந்த அலை தன் முன்னே உள்ள காற்றை நெருக்கி, பல்லாயிரம் பாகைக்குச் சூடேற்றி, அயனியாக்குகிறது. அவ்வாறு அயனியான காற்று ஒளியை ஊடுருவ விடாது. ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் மூடுபனி இறங்கும்போது எதிரே வரும் பேருந்தின் முகப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் நம் கண்ணுக்குப் படாமல் போவதைப் போல, உள்ளே தீக்கோளம் முன்போலவே கொதித்துக்கொண்டிருந்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதிர்ச்சி அலையின் புறப்பரப்பு மட்டுமே தெரியும். அந்தப் பரப்போ விரிய விரியக் குளிர்ந்துகொண்டே போகிறது. ஆகவே ஒளி மங்குகிறது. போதிய அளவு குளிர்ந்ததும் காற்று மீண்டும் ஒளிபுகும் தன்மையை அடைய, உள்ளிருக்கும் வெப்பம் வெளிப்பட்டு இரண்டாம் உச்சம் எழுகிறது. வெப்பக் கதிர்வீச்சில் ஏறக்குறைய 99 விழுக்காடு இந்த இரண்டாம் துடிப்பில்தான் வெளியேறுகிறது.

இடையில் வரும் மங்கலான கணமும் இரண்டாம் உச்சமும் எப்போது நிகழ்கின்றன என்பது குண்டின் ஆற்றலைப் பொறுத்தது. தாழ்ந்த உயரத்தில் வெடிக்கும் 1 கிலோ டன் (ஆயிரம் டன் டிஎன்டி வெடிமருந்துக்கு ஈடான ஆற்றல்) குண்டுக்கு இரண்டாம் உச்சம் ஏறத்தாழ 0.04 வினாடியிலும், 20 கிலோ டன் குண்டுக்கு ஏறத்தாழ 0.15 வினாடியிலும், 1 மெகா டன் குண்டுக்கு ஒரு வினாடியை நெருங்கியும் வருகிறது. எனவே ஒளியின் ஏற்றத்தாழ்வைக் காலத்தோடு பதிந்துகொண்டால், வெடித்தது அணுகுண்டுதான் என்பதோடு அதன் ஆற்றலையும் கணக்கிட்டுவிடலாம். இதற்கான கருவியைப் பாங்மீட்டர் என்கிறார்கள். அது படம் எடுப்பதில்லை. சிலிக்கான் ஒளி டையோடு ஒன்று தன் பார்வைக்குள் அடங்கும் பூமியின் பரப்பு முழுவதிலிருந்தும் வரும் ஒளியை ஒன்றாகவே பெற்று, வெளிச்சம் திடீரென உயரும்போது மட்டும் அதன் அளவைப் பதிந்துகொள்கிறது. இவ்வளவு எளிய கருவி இவ்வளவு நுட்பமான செய்தியைத் தருவது இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த செய்திகளில் ஒன்று.

இந்த ஆய்வு எப்போது தொடங்கியது?

1963 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளும் மாஸ்கோவில் பகுதி அணுச் சோதனைத் தடை உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் சோதனை நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். நிலத்தடிச் சோதனைக்குத் தடை இல்லை. இந்தியாவும் அதே மாதத்திலேயே கையெழுத்திட்டது. அக்டோபர் 10 அன்று உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. ஒரு வாரத்திற்குள், அக்டோபர் 17 அன்று, வேலா என்னும் பெயர் கொண்ட முதல் இரண்டு செயற்கைக்கோள்களை அமெரிக்கா ஏவியது. நம் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் பறந்தது அதற்கடுத்த மாதம், நவம்பர் 21 அன்று.

இந்தக் கால நெருக்கம் தற்செயலானது அன்று. எதிரி ஏமாற்றினால் கண்டுபிடிக்க முடியும் என்ற உறுதி இல்லாமல் எந்த இராணுவமும் இத்தகைய உடன்படிக்கைக்கு இசைந்திருக்காது. நிலநடுக்கவியல், தரைக் கருவிகள், செயற்கைக்கோள் என்று மூன்று பிரிவுகளாக நடந்த வேலா ஆய்வில் லாஸ் அலமோஸ், சாண்டியா ஆகிய இரு ஆய்வகங்களும் செயற்கைக்கோள்களுக்கான உணரிகளை உருவாக்கின. 1963 முதல் 1970 வரை இணை இணையாக 12 வேலா செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன.

அவற்றை ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தியது ஏன்?

தொடக்கத்தில் அச்சம் விண்வெளிச் சோதனைகளைப் பற்றியதாகவே இருந்தது. நிலவுக்குப் பின்புறத்தில் வெடித்துப் பார்த்தால் யாருக்குத் தெரியும் என்ற கேள்வியை அன்றைக்கு உண்மையாகவே கருத்தில் கொண்டார்கள். பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சுப் பட்டைகளுக்கு வெளியே நின்றால்தான் எக்ஸ் கதிர், காமா கதிர், நியூட்ரான் உணரிகள் அமைதியான பின்னணியில் வேலை செய்ய முடியும். இரண்டு செயற்கைக்கோள்களைப் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் நிறுத்தினால் எந்தத் திசையும் கண்காணிப்பிலிருந்து விடுபடாது.

இந்த மூன்று உணரிகளும் ஒன்றையொன்று சரிபார்ப்பவை. ஒரு லட்சம் கிலோமீட்டர் தொலைவில் வெடித்ததாகக் கொண்டால் எக்ஸ் கதிரும் காமா கதிரும் மூன்றில் ஒரு வினாடியில் வந்து சேரும். வெப்ப அணுக்கரு வினையில் பிறக்கும் 14 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான்கள் வினாடிக்கு ஏறத்தாழ 52,000 கிலோமீட்டர் வேகத்தில் பயணித்து ஏறக்குறைய இரண்டு வினாடியில் வரும். கதிர்கள் வந்த பின்பு, கணித்த கால இடைவெளியில் நியூட்ரான்களும் வந்தால் ஐயத்திற்கு இடமில்லை. அவை வராவிட்டால் சூரியனிலோ வேறெங்கோ நடந்த நிகழ்வாக இருக்கலாம். பின்னர், 1967 முதல் ஏவப்பட்ட மேம்பட்ட வேலா செயற்கைக்கோள்களில் பூமியை நோக்கிய பாங்மீட்டர்களும் சேர்க்கப்பட்டன. அப்போதுதான் வளிமண்டல வெடிப்புகளையும் அவை பார்க்கத் தொடங்கின.

சேர்வராயன் மலையில் கோடை மழைக்கு வெட்டும் மின்னலைச் செயற்கைக்கோள் அணுவெடிப்பென்று தவறாக எண்ணாதா?

ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்று சித்திரை, வைகாசி மாத மாலையில் சேலம் சமவெளியின் மேல் வெட்டும் மின்னலைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. ஆய்வாளர்களும் முதலில் இதைத்தான் கேட்டார்கள். உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 40 முதல் 50 மின்னல்கள் வெட்டுகின்றன. அணுவெடிப்புக்காகக் காத்திருக்கும் உணரியின் கண்ணில் நாள் முழுவதும் படுவது மின்னல்தான்.

வேறுபாடு கால அளவில் இருக்கிறது. ஒரு மின்னல் வெட்டில் பெரும்பாலும் மூன்று நான்கு அடிகள் ஒரே பாதையில், சில பத்து மில்லி வினாடி இடைவெளிகளில் விழுகின்றன. ஒவ்வோர் அடியின் ஒளியும் மேகத்திற்குள் சிதறி வெளிவருவதால் சற்று அகன்று தெரிந்தாலும், ஒரு மில்லி வினாடிக்குள் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. நம் கண் அந்த அடிகளையெல்லாம் ஒரு துடிதுடிப்பாகவே காண்கிறது. உணரிக்கு அவை தனித்தனித் துடிப்புகள். அணுவெடிப்பின் இரண்டாம் துடிப்போ மெல்ல எழுந்து, மெல்லத் தாழ்ந்து, நீண்ட நேரம் நீடிக்கும். வளைகோட்டின் வடிவம் இரண்டையும் பிரித்துவிடுகிறது.

ஆயினும் எல்லா மின்னலும் சாதாரணமானது அன்று. வழக்கமான மின்னலைவிட நூறு மடங்குக்கும் மேல் ஒளி தரும் பெருமின்னல்கள் உண்டு என்பதை வேலா செயற்கைக்கோள்களின் பதிவுகளிலிருந்துதான் டர்மன் என்னும் ஆய்வாளர் 1977இல் எடுத்துக்காட்டினார். வெடிப்பைத் தேடிய கருவி மின்னலைப் பற்றிய அறிவை வளர்த்த முதல் நிகழ்வுகளில் அதுவும் ஒன்று. 1997 ஆகஸ்டில் லாஸ் அலமோஸும் சாண்டியாவும் ஏவிய ஃபோர்ட்டே செயற்கைக்கோள், மின்னலின் ஒளியையும் அதன் வானொலித் துடிப்பையும் ஒரே நேரத்தில் பதிவதற்காகவே செய்யப்பட்டது. மின்னலை முழுமையாக அறியாமல் மின்னலை விலக்க முடியாது. ஆகவே இந்த இராணுவ ஆய்வின் பெரும்பகுதி இடி மேகங்களைப் பற்றிய ஆய்வாகவே இருந்துவருகிறது.

மின்காந்தத் துடிப்பு எப்படி மேலே வந்து சேர்கிறது? அயனி மண்டலம் அதைத் தடுக்காதா?

வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த அந்த அடுக்கு, குறைந்த அலைவரிசைகளைத் தடுத்துவிடும். உயர்ந்த அலைவரிசைகளைத் தாமதப்படுத்தி அனுப்பும். அந்தத் தாமதம் அலைவரிசையின் வர்க்கத்திற்கு எதிர் விகிதத்தில் இருப்பதால், கீழே ஒரே கணத்தில் பிறந்த கூர்மையான துடிப்பு செயற்கைக்கோளை அடையும்போது, உயர்ந்த சுருதி முன்னும் தாழ்ந்த சுருதி பின்னுமாக நீண்டுவிடுகிறது. 30 மெகா ஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 15 மைக்ரோ வினாடி தாமதமானால், அதே பாதையில் 60 மெகா ஹெர்ட்ஸ் அலை 4 மைக்ரோ வினாடிக்கும் குறைவாகவே தாமதமாகும். இந்த நீட்சி ஒரு தடைபோலத் தோன்றினாலும் உண்மையில் பெரிய உதவி. நீட்சி இருந்தால் துடிப்பு அயனி மண்டலத்திற்குக் கீழிருந்து வந்தது என்று பொருள். நீட்சி இல்லாவிட்டால் அது செயற்கைக்கோளின் அருகிலேயே, ஏன், அதன் மின்சுற்றுக்குள்ளேயே பிறந்த இரைச்சலாக இருக்கலாம்.

பூமியின் காந்தப்புலம் கிடைமட்டமாக இருக்கும் கோடான காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியைத் தொட்டுச் செல்கிறது. தும்பாவை ராக்கெட் தளத்திற்குத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே காரணம். அந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் மறைந்த பின்பு அயனி மண்டலம் கொந்தளிப்பதுண்டு. நம் தலைக்கு மேலுள்ள வானம் இத்தகைய உணரிகளுக்கு எளிய வானம் அன்று.

1993இல் ஏவப்பட்ட அலெக்சிஸ் செயற்கைக்கோளில் இருந்த பிளாக்பியர்ட் என்னும் வானொலிக் கருவி, இரட்டை இரட்டையாக வரும் விசித்திரமான துடிப்புகளைக் கேட்டது. மேகத்திற்குள் நிகழும் ஒருவகை மின்னிறக்கம் நேராக ஒரு முறையும், தரையில் பட்டு எதிரொலித்து மறுமுறையும் வருவதே காரணம் என்பது பிற்பாடு தெளிவாயிற்று.

என் கைப்பேசியில் வழி காட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலும் இந்த உணரிகள் இருக்கின்றன என்பது உண்மையா?

உண்மை. 1980 ஏப்ரலில் ஏவப்பட்ட ஆறாம் ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலேயே அணுவெடிப்பு உணரிகள் இடம்பெற்றன. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்கள் பூமியைச் சூழ்ந்திருப்பதால், எந்த இடத்தில் வெடிப்பு நடந்தாலும் பல செயற்கைக்கோள்கள் ஒரே நேரத்தில் அதைப் பார்க்கும். அவை ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. ஒளி ஒரு நானோ வினாடியில் 30 சென்டிமீட்டர் செல்கிறது. ஆகவே ஒரே ஒளி ஒவ்வொரு செயற்கைக்கோளையும் எந்தக் கணத்தில் அடைந்தது என்பதை ஒப்பிட்டால் வெடிப்பின் இடமும் உயரமும் கிடைத்துவிடும். உங்கள் கைப்பேசி பல செயற்கைக்கோள்களின் அலைகளைப் பெற்றுத் தன் இடத்தைக் கணிக்கிறது. இங்கே அதே கணக்கு தலைகீழாக நடக்கிறது. புவிநிலை வட்டப்பாதையில் ஏவுகணை எச்சரிக்கைக்காக நிற்கும் அகச்சிவப்புச் செயற்கைக்கோள்களும் இப்பணியில் பங்கு கொள்கின்றன. நம் கைப்பேசிக்கு இந்த உணரிகளிலிருந்து எந்தத் தகவலும் வருவதில்லை.

1979இல் தென்கடலில் நடந்தது என்ன?

1979 செப்டம்பர் 22 அன்று, வேலா 6911 என்ற செயற்கைக்கோள், தென்னாப்பிரிக்காவுக்குத் தெற்கே பிரின்ஸ் எட்வர்ட் தீவுகள் இருக்கும் கடற்பரப்பை உள்ளடக்கிய ஒரு பெரும்பகுதியிலிருந்து இரட்டை ஒளிர்வு ஒன்றைப் பதிவு செய்தது. அதற்கு முன்பு வேலா செயற்கைக்கோள்கள் 41 வளிமண்டலச் சோதனைகளை இவ்வாறே கண்டிருந்தன. அவை ஒவ்வொன்றும் பிற வழிகளிலும் உறுதியாயின. இம்முறை மட்டும் உறுதி கிடைக்கவில்லை.

சிக்கல் கருவியிலேயே தொடங்கியது. அந்தச் செயற்கைக்கோள் 1969இல் ஏவப்பட்டது. தனக்கு வகுக்கப்பட்ட ஆயுளைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தது. அதன் மின்காந்தத் துடிப்பு உணரி செயலிழந்திருந்தது. எஞ்சியவை உணர்திறனில் வேறுபட்ட இரண்டு பாங்மீட்டர்கள். இரண்டும் இரட்டை ஒளிர்வைக் காட்டின. ஆனால் இரண்டு வளைகோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது, உண்மையான தொலைதூர வெடிப்பில் இருக்க வேண்டிய ஒத்திசைவு முழுமையாக இல்லை. அதிபர் கார்ட்டரின் அரசு நியமித்த, ஜாக் ருயினா தலைமையிலான அறிவியல் குழு இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டி, சிறு விண்துகள் ஒன்று செயற்கைக்கோளில் மோதி, சிதறிய துணுக்குகள் சூரிய ஒளியை எதிரொளித்திருக்கலாம் என்றும், இது அணுவெடிப்பாக இருக்கும் வாய்ப்பு குறைவு என்றும் 1980இல் கருத்துத் தெரிவித்தது.

லாஸ் அலமோஸில் இருந்த பலரும் கடற்படை ஆய்வகத்தாரும் அதை ஏற்கவில்லை. கடலுக்கடியில் பதிவான ஒலி அலைகள், அரெசிபோ வானொலித் தொலைநோக்கியில் அதே காலத்தில் காணப்பட்ட அயனி மண்டல அலை, ஆஸ்திரேலிய ஆடுகளின் தைராய்டு சுரப்பியில் காணப்பட்ட, அணுவெடிப்பில் பிறக்கும் கதிரியக்கப் பொருளான அயோடின் 131 ஆகியவற்றை அவர்களும் பின்வந்த ஆய்வாளர்களும் சான்றாக வைக்கிறார்கள். கதிரியக்க அயோடின் சான்றை விரிவாக ஆராய்ந்த ஆய்வுக் கட்டுரை 2018இல் வெளியானது. இஸ்ரேலும் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்து நடத்திய சோதனை என்ற ஐயம் அன்றே எழுந்தது. எந்த நாடும் ஒப்புக்கொண்டதில்லை.

சான்றுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது வெடிப்பு நடந்திருப்பதற்கான வாய்ப்பே மிகுதி என்பது என் கருத்து. ஆனால் அதைவிட முக்கியமாக நான் கருதுவது, ஒரே ஒரு செயற்கைக்கோளின் ஒரே வகைக் கருவி மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதை இந்நிகழ்வு காட்டிவிட்டது என்பதே. பல செயற்கைக்கோள்கள், பல வகை உணரிகள் என்ற அமைப்புக்கு மாறியிராவிட்டால் அதே வாதம் ஒவ்வொரு முறையும் எழுந்திருக்கும்.

வெடிப்பைத் தேடிய செயற்கைக்கோள்கள் விண்மீன் வெடிப்புகளைக் கண்டுபிடித்தன என்கிறார்களே?

1967 ஜூலை 2 அன்று வேலா செயற்கைக்கோள்களின் காமா உணரிகள் ஒரு கூர்மையான துடிப்பைப் பதிந்தன. அதன் வடிவம் எந்த அணுகுண்டுக்கும் பொருந்தவில்லை. லாஸ் அலமோஸில் ரே கிளெபசாடெலும் அவருடைய தோழர்களும் இத்தகைய நிகழ்வுகளைப் பொறுமையாகச் சேர்த்துக்கொண்டே வந்தனர். பின்னர் ஏவப்பட்ட செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் துல்லியமாக இருந்ததால், வெவ்வேறு செயற்கைக்கோள்களை அத்துடிப்பு அடைந்த நேர வேறுபாட்டைக் கொண்டு வந்த திசையைக் கணித்து, பூமியும் சூரியனும் அவற்றுக்கு மூலம் அல்ல என்று நிறுவினர். 1969 முதல் 1972 வரை பதிவான 16 நிகழ்வுகளோடு 1973இல் அந்தக் கட்டுரை வெளியாயிற்று. இன்று காமா கதிர் வெடிப்பு என்று உலகம் அறிந்திருப்பது இதுதான்.

விண்கற்கள் வெடிக்கும்போது குழப்பம் வராதா?

வரும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்த விண்கல்லின் ஆற்றல் 400 கிலோ டன்னுக்கு மேல் என மதிப்பிடப்பட்டது. ஆயினும் விண்கல்லின் ஒளி வினாடிக் கணக்கில் ஏறி இறங்குவதால் உணரிக்கு அது தனியாகத் தெரியும். அமெரிக்க அரசுச் செயற்கைக்கோள்கள் கண்ட எரிகற்களின் நாள், இடம், ஆற்றல் ஆகியவற்றை நாசா பட்டியலாக வெளியிட்டு வருகிறது. சேலத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் இன்றே இறக்கிப் பயன்படுத்தலாம்.

நம்மை நேரடியாகத் தொடும் நிகழ்வு ஒன்று உண்டு. 2002 ஜூன் 6 அன்று, இந்திய, பாகிஸ்தான் படைகள் எல்லையில் நேருக்கு நேர் நின்றுகொண்டிருந்த நாள்களில், மத்தியதரைக் கடலுக்கு மேல் ஒரு விண்கல் ஹிரோஷிமா குண்டுக்கு ஒப்பான ஆற்றலோடு வெடித்தது. அது சில மணி நேரம் முன்னதாக வந்திருந்தால் இந்தத் துணைக்கண்டத்தின் மேலேயே வெடித்திருக்கக்கூடும் என்றும், அதை இயற்கை நிகழ்வென்று உடனே அறியும் உணரிகள் இவ்விரு நாடுகளிடமும் இல்லை என்றும் அமெரிக்க விமானப்படையின் பிரிகேடியர் ஜெனரல் சைமன் வோர்டன் அடுத்த மாதமே எச்சரித்தார். அச்செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. இத்தகைய தரவு உடனுக்குடன் எல்லா நாடுகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

பொக்ரான் சோதனைகளைச் செயற்கைக்கோள்கள் பார்த்தனவா?

1974 மே 18 அன்றும், 1998 மே 11, 13 ஆகிய நாள்களிலும் நடந்தவை நிலத்தடிச் சோதனைகள். ஆகவே இங்கே விவரித்த ஒளி, எக்ஸ் கதிர் உணரிகளுக்கு அங்கே வேலை இல்லை. உளவுப் படங்கள் வேறு வகை. 1998இல் அப்படங்களுக்குத் தப்புவதற்காகச் செயற்கைக்கோள்கள் கடந்து செல்லும் நேரங்களைக் கணித்து, பணிகளை இரவில் நடத்தினார்கள். 1974 வெடிப்பையும் 1998 மே 11 வெடிப்பையும் தொலைவிலிருந்து பதிவு செய்தவை நிலநடுக்கப் பதிவு நிலையங்கள்.

இப்போது நிலத்தடிச் சோதனைக்கும் ஒரு செயற்கைக்கோள் வழி பிறந்திருக்கிறது. 2017 செப்டம்பர் 3 அன்று வடகொரியா மன்டாப் மலைக்கடியில் நடத்திய சோதனைக்கு முன்னும் பின்னும் டெர்ராசார்-எக்ஸ் என்னும் ஜெர்மானிய ரேடார் செயற்கைக்கோள் எடுத்த படங்களை ஒப்பிட்டபோது, மலைச்சரிவு பக்கவாட்டில் 3.5 மீட்டர் வரை நகர்ந்திருந்ததும், உச்சி ஏறத்தாழ அரை மீட்டர் தாழ்ந்திருந்ததும் தெரிந்தன.

மாக்னசைட் பகுதியில் வெள்ளைக்கல் சுரங்கத்தில் வைக்கும் வெடியும் பதிவாகுமா?

அருகில் நல்ல கருவி இருந்தால் பதிவாகும். கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் 1965 முதல் இயங்கும் நிலநடுக்கக் கருவிகளின் அணி, எல் வடிவில் பல கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. தொலைதூர அணுச் சோதனைகளைக் கேட்பதற்காகவே பாபா அணு ஆய்வு மையம் பிரிட்டனின் உதவியோடு அதை அமைத்தது. சுரங்க வெடியைப் பிரித்தறிவது எளிது. குழிக்குக் குழி மில்லி வினாடி இடைவெளி விட்டுத் தொடராக வெடிப்பதால் அதன் அலையில் அந்த இடைவெளியின் சுவடு பதிந்திருக்கும். நிலநடுக்கமோ பிளவின் இரு பக்கமும் உரசி நழுவுவதால் வெட்டு அலைகளை மிகுதியாக எழுப்பும். வெடிப்பு எல்லாத் திசையிலும் வெளியே தள்ளுவதால் அமுக்க அலைகளே அதில் ஓங்கியிருக்கும்.

இந்தியாவிடம் இத்தகைய செயற்கைக்கோள் இருக்கிறதா?

நம் நாட்டின் வழிகாட்டும் அமைப்பான நாவிக் செயற்கைக்கோள்களைப் பற்றி இஸ்ரோ வெளியிட்டுள்ள விவரங்களில் வழிகாட்டும் கருவிகளும் தொலைவளக்கும் கருவிகளுமே இடம்பெறுகின்றன. ஆனால் அடிப்படை அறிவு நம்மிடம் உண்டு. 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் என்னும் விண்ணோக்குச் செயற்கைக்கோளில் உள்ள காட்மியம் துத்தநாக டெல்லுரைடு உணரி நூற்றுக்கணக்கான காமா கதிர் வெடிப்புகளைப் பதிவு செய்திருக்கிறது. வேலா தற்செயலாகக் கண்டதை நாம் நோக்கமாகவே கொண்டு தேடினோம். அந்த உணரியைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு மற்றது எட்டாத தொலைவில் இல்லை.

1980க்குப் பிறகு வளிமண்டல வெடிப்பே நடக்கவில்லையென்றால் உணரிகளை எப்படிச் சோதிக்கிறார்கள்?

சீனா 1980 அக்டோபர் 16 அன்று நடத்தியதுதான் உலகின் கடைசி வளிமண்டலச் சோதனை. அதற்குப் பிறகு உருவான உணரிகள் எவையும் தாம் தேடும் பொருளை நேரில் கண்டதில்லை. பழைய சோதனைகளின் பதிவுகள், கணினி மாதிரிகள், ஆய்வகத்தில் ஒளித் துடிப்பைப் போலச் செய்து காட்டுதல், அன்றாடம் கிடைக்கும் மின்னலும் விண்கற்களும் ஆகியவற்றை வைத்தே சரிபார்க்கிறார்கள். 1962 ஜூலை 9 அன்று அமெரிக்கா 400 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்த 1.4 மெகா டன் ஸ்டார்ஃபிஷ் பிரைம் சோதனை, ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஹவாயில் தெருவிளக்குகளை அணைத்து, சுற்றுப்பாதையில் இருந்த பல செயற்கைக்கோள்களையும் கெடுத்தது. உயர வெடிப்பைப் பற்றிய அளவீடுகளுக்கு இன்றும் அத்தகைய பழைய பதிவுகளே ஆதாரம். இந்த நிலை நீடிக்க வேண்டும். உணரிகள் என்றென்றும் மின்னலை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

வெடித்தவர் யார் என்பதையும் செயற்கைக்கோள் சொல்லுமா?

சொல்லாது. இடம், நேரம், உயரம், ஆற்றல் ஆகியவற்றோடு அதன் பணி முடிகிறது. எந்தப் பொருளால் ஆன குண்டு என்பதற்குக் காற்றில் கலந்த கதிரியக்கத் துகள்களையும் செனான் வாயுவையும் பிடிக்க வேண்டும். சோவியத் ஒன்றியம் 1949 ஆகஸ்ட் 29 அன்று நடத்திய முதல் சோதனையை அமெரிக்கா அறிந்ததே விமானத்தில் வைத்த வடிகட்டித்தாளில் படிந்த துகளால்தான்.

சேலத்தில் இருக்கும் ஒரு மாணவர் இதில் என்ன செய்து பார்க்கலாம்?

செலவு அதிகமில்லாத ஒரு சோதனை உண்டு. சிலிக்கான் ஒளி டையோடு ஒன்றை எதிர்ச்சார்பில் இணைத்து, ஒரு பெருக்கியின் வழியாக அலைவுகாட்டியிலோ கணினியிலோ சேருங்கள். கோடை மழை நாளில் வீட்டுக்குள்ளிருந்தபடியே, மூடிய சன்னலின் கண்ணாடி வழியாக வானத்தை நோக்கி வையுங்கள். மொட்டை மாடிக்கோ பகோடா பாயிண்ட் போன்ற திறந்த உச்சிக்கோ மின்னல் நேரத்தில் போகவே கூடாது. தெருவிளக்குகளின் 100 ஹெர்ட்ஸ் துடிப்பு முதலில் எரிச்சலூட்டும். உயர் அலைவரிசை வடிகட்டி ஒன்றைச் சேர்த்தால் அது பெரிதும் குறையும். பின்னர் ஒரே மின்னலுக்குள் அடுத்தடுத்து விழும் அடிகள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும்.

நண்பர் ஒருவர் ஏற்காட்டில் இன்னொரு டையோடு வைத்து, இருவரும் ஜிபிஎஸ் கருவி தரும் வினாடித் துடிப்பைக் கொண்டு நேரம் குறித்தால் சோதனை மேலும் சிறக்கும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். அந்தத் தொலைவை ஒளி 50 மைக்ரோ வினாடியில் கடக்கிறது. மேகத்தில் சிதறி வருவதால் ஏற்படும் சிறு தாமதத்தையும் சேர்த்து, இரு பதிவுகளுக்கும் சில நூறு மைக்ரோ வினாடி இடைவெளியை அனுமதியுங்கள். அந்த இடைவெளிக்குள் இரண்டு இடத்திலும் பதிவானவற்றை மட்டும் மின்னலாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஒரே இடத்தில் பதிவானவற்றைத் தனிப் பட்டியலில் வையுங்கள். காரின் விளக்கு, மின்சாதனத்தின் இரைச்சல், அருகில் வெட்டி மலைக்குப் பின்னால் மறைந்துபோன மின்னல் என்று அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடுங்கள்.